கைக்காசு போடாமல் தொழில் கத்துக்க முடியுமா? செஞ்சி பகுதி பி.பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கான நன்கொடைப் பயிற்சிகள்: முழு விவரம்

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் செஞ்சி வாரச்சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். ஆட்டின் முதுகை ஒரு தடவு தடவி, தூக்கிப் பார்த்து, தராசே இல்லாமல் விலையை முடித்துவிடுவார்கள். தீபாவளி, ரம்ஜான், பக்ரீத் நெருங்கினால் 'ஒரே காலையில் கோடிக்கணக்கில் ஆடு விற்பனை' என்று செய்தி வரும். எங்கள் டெஸ்க்கிலும் வருஷாவருஷம் அதைப் போடுகிறோம்.

இதே செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பி.பி.ஏ., பி.காம். படிக்கப் போகும் பிள்ளைகள், 'விலை நிர்ணயம்' என்பதை நோட்ஸ் எடுத்துப் படிக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கி பன்னிரண்டு ரூபாய்க்கு விற்ற அனுபவம்கூட இல்லாமல் மூன்றாவது வருஷம் பட்டம் கைக்கு வந்துவிடுகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வியாபாரம் செய்து பழக முதல் வேண்டும். அந்த முதல் போய்விட்டால் யார் கட்டுவது? கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

அந்த இடத்தில்தான் நன்கொடையாளர் வருகிறார். அவர் கொடுக்கும் பணம் கட்டணம் கட்டும் உதவித்தொகை அல்ல. மாணவர் கையில் கொடுத்து 'செய்து பார், நஷ்டம் வந்தால் என் கணக்கு' என்று சொல்லும் பணம். இப்படிப்பட்ட வாய்ப்புகள் எங்கே இருக்கின்றன, யார் பணம் போடுகிறார்கள், செஞ்சி வரைக்கும் அது ஏன் வந்து சேர்வதில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது புது விஷயமா?

இல்லை. பி.பி.ஏ. என்ற படிப்பே இல்லாத காலத்தில் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்தினார்கள். கடைக்குப் புதிதாக வரும் சிறுவனுக்கு 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். எடுபிடி வேலையில் தொடங்கி, கணக்கு எழுதப் பழகி, பிறகு கடையையே நடத்தும் ஏஜென்டாக உயர்வார்கள். சாப்பாடும் தங்க இடமும் முதலாளி பொறுப்பு. தவறு செய்தால் திட்டு விழும். ஆனால் அந்தத் தவறுக்கான நஷ்டம் முதலாளியுடையது.

கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நான்கு பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-ல் உருவான 'பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டிஸ்' அறக்கட்டளை, மோட்டாரும் பம்ப்பும் தயாராகும் தொழிற்கூடத்தையும் வகுப்பறையையும் ஒரே வளாகத்தில் வைத்தது. இயந்திரம் ஓடும் இடத்திலேயே மாணவர் படித்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது பொறியியல் பக்கம். வணிகவியல் மாணவருக்கு 'கடை' ஒன்று அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று நம் ஊர் வள்ளல்கள் அவ்வளவாக யோசிக்கவில்லை. வணிகம் என்றால் கணக்குப் புத்தகம், அதற்கு ஒரு வகுப்பறை போதும் என்ற எண்ணம் இன்று வரை தொடர்கிறது.

அமெரிக்காவில் எப்படி?

மாசசூசெட்ஸில் உள்ள பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உண்மையான ஒரு நிறுவனம் தொடங்கியாக வேண்டும். அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. முதல் பணத்தைக் கல்லூரி கடனாகத் தரும். பொருள் வாங்கி விற்று, கடைசியில் கடையை மூடி, கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். லாபம் வந்தால் அது தொண்டு நிறுவனங்களுக்குப் போகும்.

இன்னொரு வகை, பங்குச் சந்தை. 1998-ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மின்சார நிறுவனம், அணு உலைகளை மூடும் செலவுக்காகச் சேர்த்து வைத்த நிதியில் ஒரு பகுதியைச் சுற்றுவட்டாரப் பல்கலைக்கழக மாணவர்களிடம் முதலீடு செய்யக் கொடுத்தது. காகிதத்தில் விளையாடும் போலிப் பணம் இல்லை, அசல் பணம்.

அங்கே ஆயிரம் கோடி இருக்கு, நமக்கு எப்படி என்று கேட்பீர்கள். நியாயம். அதனால் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம்.

ஹூப்ளியும் உஜிரேயும்

கர்நாடகத்தின் ஹூப்ளி பெரிய மெட்ரோ நகரம் அல்ல. அந்த ஊரில் பிறந்து அமெரிக்காவில் தொழிலதிபரான குருராஜ் தேஷ்பாண்டே, மனைவி ஜெயஸ்ரீயுடன் சேர்ந்து தேஷ்பாண்டே அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் 'லீட்' என்ற திட்டம் கல்லூரி மாணவர்களுக்கானது. ஊரில் கண்ணில் படும் ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு ஒரு வழியைத் திட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். தேறினால் சிறு தொகை விதைப் பணமாகக் கிடைக்கும், வழிகாட்ட ஒருவர் இருப்பார். தொகை சிறியதுதான். ஆனால் பத்தொன்பது வயதில் ஒரு பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, ரசீது சேர்த்து, 'எதற்குச் செலவானது' என்று பதில் சொல்வதே ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம்.

அதைவிட நமக்கு நெருக்கமான கதை உஜிரேயில் இருக்கிறது. தர்மஸ்தலா கோயிலின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே முயற்சி எடுக்க, தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து 1982-ல் 'ருட்செட்டி' என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. வேலை இல்லாத கிராமத்து இளைஞர்களைச் சில வாரம் தங்கவைத்து, சோறு போட்டு, ஒரு தொழிலையும் அதன் கணக்கையும் கற்றுக்கொடுத்து, வங்கிக் கடன் வரைக்கும் கூடவே நிற்பதுதான் வேலை. அது நன்றாக நடந்ததால் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதையே மாதிரியாக வைத்து, மாவட்டந்தோறும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களைக் கொண்டு வந்தது. கட்டடத்துக்கு மத்திய அரசு மானியம், நிலம் மாநில அரசு, நடத்துவது ஒரு வங்கி.

விழுப்புரம் மாவட்டத்தில் இதை நடத்துவது இந்தியன் வங்கி. 'இன்ட்செட்டி' என்ற பெயரில் இருக்கிறது. ஒரு கோயில் அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் உஜிரேயில் போட்ட பணத்தின் வழி வந்த நிலையம், செஞ்சியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்துக்குள் இருக்கிறது. பயிற்சி, தங்குவது, சாப்பாடு எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்ததும் கைகழுவிவிட மாட்டார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்பது திட்ட விதி. 18 வயது நிரம்பிய கிராமப்புற இளைஞர்களுக்கானது. பட்டதாரிகள் 'அது படிக்காதவங்களுக்கு' என்று நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. அது தப்பு. படிப்பு முடித்த கையோடு ஒரு பி.காம். பட்டதாரி அங்கே போய் உட்கார்ந்தால், திட்ட அறிக்கை எழுதி வங்கி மேலாளர் முன்னால் பேசுவது எப்படி என்பது பழகும்.

சி.எஸ்.ஆர். பணம்: இருக்கிறது, ஆனால்...

இப்போது பெரிய பணத்துக்கு வருவோம். 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதுதான் சி.எஸ்.ஆர். எளிதாகச் சொன்னால், சராசரி லாபம் 10 கோடி என்றால் 20 லட்சம் ஒதுக்க வேண்டும். நாடு முழுக்கச் சேர்த்தால் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய் அளவுக்கு வருகிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் இருக்கிறது. கல்வி, தொழில் திறன் பயிற்சி, வாழ்வாதாரம் மூன்றும் அதில் உண்டு. அதாவது, 'பி.பி.ஏ. மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி' என்று ஒரு கல்லூரி கேட்டால் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அப்படியானால் செஞ்சிக்கு ஏன் வரவில்லை?

சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது: நிறுவனம், தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலை புகை எந்த ஊருக்கோ, பணமும் அந்த ஊருக்கு. ஆனால் இதன் மறுபக்கம், பெரிய தொழிற்சாலையே இல்லாத ஊருக்கு 'உள்ளூர்' நிறுவனமும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் கோவைக்கும் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது. நெல்லும் மணிலாவும் ஆடும் விற்கும் செஞ்சிக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விவரம். உள்ளூர் முன்னுரிமை என்பது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே 2021-ல் விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே 'உங்க ஊர்ல எங்களுக்கு ஃபேக்டரி இல்லை' என்று ஒரு நிறுவனம் சொன்னால், சட்டம் தடுக்கவில்லை என்று மரியாதையாகப் பதில் சொல்லலாம். எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்பதைத் தேசிய சி.எஸ்.ஆர். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விழுப்புரத்தையும் காஞ்சிபுரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவே ஒரு நல்ல பி.காம். புராஜெக்ட்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தன் வழக்கமான வியாபார வேலையை நிறுவனம் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. மாணவர்களை வீடு வீடாக அனுப்பித் தன் சோப்பை விற்கவைத்துவிட்டு 'இது சமூகப் பணி' என்று சொன்னால் அது செல்லாது.

பிரதமர் இன்டர்ன்ஷிப்பில் சேரலாமா?

படித்துக்கொண்டிருக்கும்போது முடியாது. 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கான 500 நிறுவனங்களை, அவற்றின் சி.எஸ்.ஆர். செலவை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய்; அதில் 4,500 அரசு, 500 நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதி. சேரும்போது ஒரு முறை 6,000 ரூபாய். தொடக்க விதிப்படி வயது 21 முதல் 24 வரை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. முழுநேரப் படிப்பில் இருக்கக்கூடாது. தொலைநிலைக் கல்வியில் படிப்பவருக்குத் தடை இல்லை. மொத்தம் 12 மாதம். மாதம் 5,000 ரூபாயில் சென்னையில் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. உறவினர் வீடு இருந்தால் சமாளிக்கலாம்.

மாநில அரசின் 'நான் முதல்வன்' 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. அதில் கல்லூரி மூலமே திறன் பயிற்சிகள் வரும். அது அரசுப் பணம், நன்கொடை இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு வெளியே காசு கட்டிப் படிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கோட்டை இப்போது பாடப்புத்தகம்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். ஒரு பி.பி.ஏ. வகுப்புக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது.

இளநீர் வண்டி முதல் வழிகாட்டிச் சேவை வரை எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆனால் முதல் பாடமே சட்டம்தான். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 2010-ல் வந்த திருத்தம் இது. 'கோட்டை வாசலில் கஃபே' என்று அழகாகப் பிரசன்டேஷன் போடும் குழு, இந்த ஒரு விதியில் அடிபடும். அடிபடட்டும். வகுப்பில் அடிபட்டால் செலவு இல்லை, கடன் வாங்கிய பிறகு அடிபட்டால்தான் ஆபத்து.

கோட்டையோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை வந்து இறங்கி, ஏலம் போய், எடை போட்டு, விவசாயி கைக்குப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது? மேல்மலையனூரில் அமாவாசை இரவுக் கூட்டத்துக்கு ஒரு பூக்கடைக்காரர் எவ்வளவு பூ வாங்குகிறார், மிச்சத்தை என்ன செய்கிறார்? சந்தைக்கு ஆடு கொண்டுவருபவருக்கு வண்டி வாடகை, சுங்கம், தரகு போக எவ்வளவு நிற்கிறது? நடைமுறை மூலதனம், சரக்கு இருப்பு, லாப வரம்பு எல்லாம் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கின்றன.

இதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 5,000 ரூபாய் சுழல் முதல். ஒரு வகுப்பில் பத்துக் குழு என்றால் 50,000. பாதிக் குழுக்கள் முழுத் தொகையையும் இழந்தாலும் 25,000 மிச்சம். ஐம்பது முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் தீர்ந்தது. ஊரில் அரிசி ஆலை, ஜவுளிக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரே கையெழுத்தில் கொடுப்பது இதைவிட அதிகம். அவர்களிடம் கேட்க வேண்டியது பணம் மட்டுமல்ல. மாதம் ஒரு முறை அந்தக் குழுக்களின் கணக்கைப் பார்த்து 'ஏம்ப்பா, இவ்வளவு சரக்கு எதுக்கு எடுத்த?' என்று கேட்க ஒரு மணி நேரம்.

இங்கே என் அனுபவம் ஒன்று. நான் தமிழ் பி.ஏ.; எங்கள் பக்கத்து வகுப்பு பி.பி.ஏ. 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று தலைக்கு இவ்வளவு வசூல் செய்து ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்தார்கள். உள்ளே இருந்தது முக்கால் மணி நேரம். மீதி நாள் மாமல்லபுரம் கடற்கரை. பசங்களுக்குச் சந்தோஷம்தான், எங்களுக்குப் பொறாமைகூட. ஆனால் பஸ் வாடகைக்குக் கொடுத்த அந்தப் பணத்தில் அவர்கள் ஒரு வாரம் கடை போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சேர்வதற்கு முன் இதைக் கேளுங்கள்

முதல் கேள்வி: பணம் எந்தத் திசையில் போகிறது? நன்கொடையில் நடக்கும் பயிற்சி என்றால் மாணவரிடம் 'பதிவுக் கட்டணம்', 'சான்றிதழ் கட்டணம்' கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் 'சி.எஸ்.ஆர். இன்டர்ன்ஷிப், 999 ரூபாய் மட்டும்' வகையறாவைப் பார்த்தால், எந்த நிறுவனத்தின் சி.எஸ்.ஆர்., அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இந்தத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சி.எஸ்.ஆர். செலவிடும் நிறுவனங்கள் தங்கள் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

இரண்டாவது: நஷ்டம் யாருடையது? எழுத்தில் வாங்குங்கள். 'முதல் திரும்ப வராவிட்டால் மாணவரே பொறுப்பு' என்றிருந்தால் அது பயிற்சி அல்ல, கடன்.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று. 2013-ம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல் பயிற்சியாளரையும் சேர்த்துத்தான். சம்பளம் இல்லாத இன்டர்ன் என்றாலும் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெயரை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, வேலை எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு ஊருக்கு பஸ் இருக்கிறதா என்பதையும். பல வாய்ப்புகள் பணத்தால் அல்ல, அந்தக் கடைசி பஸ்ஸால் கைநழுவுகின்றன. நன்கொடை கேட்கும் கல்லூரிகள் பயணச் செலவுக்கு என்று தனி வரி போடுவது அதனால்தான் முக்கியம்.

கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் 'சி.எஸ்.ஆர்.-1' படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்க வேண்டும். வெளி அறக்கட்டளை என்றால் இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவமும் கேட்பார்கள். இந்தக் காகிதங்கள் கையில் இல்லாமல் எவ்வளவு உருக்கமாகக் கடிதம் எழுதினாலும் நிறுவனம் பணம் தர முடியாது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கடைசி நேரத்தில் ஓடாமல், ஏப்ரல், மே மாதத்திலேயே திட்டத்தை எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

முன்னாள் மாணவர் சங்கம் இன்னும் சுலபம். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்தால் சிறு நிதி தொடங்கிவிடலாம். ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே அண்ணன் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பெற்ற அமைப்புதான் அந்தப் பணத்தை வாங்க முடியும். அந்தப் பதிவு உள்ள அமைப்பும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கு வைத்து, அதன் வழியாகத்தான் பெற வேண்டும். ஆகவே பணம் அனுப்பச் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'அண்ணே, இப்போ எந்த நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்க?'